மெய் உரைக்கும் வாக்கு: மட்டக்களப்பிலே உடற்குறி கேட்ட மரபு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பழங்காலத்திலே பரியாரியார் ஒருவர் நோயாளியின் வீட்டுக்கு வந்தால், அவர் உடனே வினாத் தொடுக்கமாட்டார். பாயில் அமர்ந்து, நோயாளி ஆணாயின் வலக்கையையும் பெண்ணாயின் இடக்கையையும் பற்றி, பெருவிரலின் அடிக்குக் கீழே மணிக்கட்டிலே மூன்று விரல்களை வைப்பார். சுட்டுவிரலின் கீழ் வாதம், நடுவிரலின் கீழ் பித்தம், மோதிரவிரலின் கீழ் ஐயம் என்பது சித்த மருத்துவ நூல்களின் வரையறை. அவர் விரல் வைத்தவுடன் வீட்டார் பேச்சை நிறுத்திவிடுவர். சமையற்கட்டில் இருப்பவர்களும் சட்டி முட்டிகளின் ஓசையை அடக்கிக்கொள்வர். ஓர் உடல் தன்னைப்பற்றிச் சொல்வதை வேறொருவர் கேட்கிறார் என்ற எண்ணமே அந்த அமைதிக்குக் காரணம்.

வாதமும் பித்தமும் ஐயமும் முறையே ஒன்று, அரை, கால் என்னும் அளவில் ஓடினால் உடல் நலமாயிருக்கிறது என்று நாடி நூல்கள் கூறும். நாடியின் நடையை உணர்த்த அந்நூல்கள் எடுத்துக்கொண்ட உவமைகள் இனியவை. வாத நாடி அன்னம்போலவும் கோழிபோலவும் நடக்குமாம். பித்த நாடி ஆமைபோலவும் அட்டைபோலவும் ஊருமாம். ஐய நாடி தவளைபோலத் தத்துமாம், பாம்புபோல நெளியுமாம். இவற்றை ஏட்டைப் படித்து மட்டும் அறிந்துகொள்ள இயலாது. வயல் வரம்பிலே தவளை தத்துவதையும், குளக்கரையிலே ஆமை ஊர்வதையும், மழைக்காலத்தில் அட்டை காலிலே ஏறுவதையும் கண்டு வளர்ந்தவனுக்கே அந்த உவமை விரல்நுனியில் விளங்கும். படுவான்கரை வயல்களில் வளர்ந்த மாணாக்கனுக்கு ஆசான் அதை நீட்டி விளக்க வேண்டியிருந்திராது.

நாடி எண்வகைத் தேர்வுகளுள் ஒன்று மாத்திரமே. தொட்டுணர்தல், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன ஏனைய ஏழு. நோயாளியின் சிறுநீரிலே ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் வகையைக் கண்டு நோய் கூறும் நெய்க்குறி முறையும் இதனைச் சார்ந்ததே. ஆயினும் மக்கள் மனத்திலே நாடிக்குக் கிடைத்த மதிப்பு வேறொன்றுக்கும் கிடைக்கவில்லை. மதிப்பு மிகுந்தபோது பொய்யும் உடன் வந்தது. மணிக்கட்டிலே கட்டிய நூலின் மறுமுனையைப் பிடித்துத் திரைக்கு அப்பாலிருந்து நாடி சொன்ன வைத்தியரின் கதை தமிழகத்திலும் ஈழத்திலும் பலவாறு வழங்குகிறது. அந்நூலைச் சோதனையாகப் பூனையின் காலிலே கட்டிவைத்ததாகச் சொல்வோரும் உளர். இத்தகைய கதைகளைச் சொல்லிச் சிரித்த மக்களே மறுநாட் காலையில் பரியாரியாரிடம் கையை நீட்டினர் என்பதையும் மறத்தலாகாது.

நல்ல பரியாரியார் விரலை எடுத்தபின் வினவத் தொடங்குவார். பசி எப்படி, உறக்கம் எப்படி, கண்ட கனவு யாது, எந்த உணவுக்குப் பின் வருத்தம் கூடிற்று என்பன அவர் வினாக்கள். இவற்றுக்கு விடை கூற வேண்டுமாயின் நோயாளி தன் உடலை முன்பே கவனித்திருத்தல் வேண்டும். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் இக்கருத்தையே முதன்மையாகக் கொண்டது. அந்த அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் பெரும்பகுதி உணவையும் பசியையும் பற்றியது. முன்னுண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என்று கூறிய வள்ளுவர், நோயையும் அதன் மூலத்தையும் நாடவேண்டிய மருத்துவனை இறுதியிலேதான் கொண்டுவந்து நிறுத்துகிறார். தன் வயிறு கூறுவதைத் தானே கேட்பது அவருக்கு மருத்துவத்தின் தொடக்கம்.

மட்டக்களப்பு மக்களின் பேச்சிலே இந்தக் கேள்விக்கு வேண்டிய சொற்கள் நிறைய உண்டு. ஒரு பண்டம் சூடு, மற்றொன்று குளிர்; ஒன்று வாயு, இன்னொன்று கிரந்தி. இளநீரைக் குளிர்ச்சி என்பர்; கிழங்கு வகைகள் சில வாயு என்பர்; தோலிலே தடிப்பும் சொறியும் எழுப்புவனவற்றைக் கிரந்தி என்று ஒதுக்குவர். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் மல்லியும் மஞ்சளும் சேர்த்து அரைத்த சரக்குக் கறியைக் கொடுத்து உடலைத் தேற்றுவர். எந்தப் பண்டம் எவருக்கு ஒத்துவரும் என்பதை ஊர்ப் பெண்கள் நுணுக்கமாக அறிந்திருந்தனர். மூத்தவளுக்கு ஒத்துக்கொள்ளும் தயிர் இளையவளுக்குச் சளி கட்டும் என்று தாயொருத்தி கூறினால், அங்கே பொதுவிதியைவிட அவரவர் உடலின் சொல்லே பெரிதாக மதிக்கப்பட்டது.

அமெரிக்க மானிடவியல் அறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றிலே தங்கி ஆய்வு செய்தவர். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் ஊர் அது. இந்தச் சூடு, குளிர் என்னும் கருத்தமைப்பை இரு சமூகத்தாரும் ஒருங்கே கைக்கொண்டிருந்ததை அவர் எடுத்துக் காட்டினார். உடற்சூட்டையும் வழிபாட்டையும் இணைத்து அவர் எழுதிய நூல் 1998இல் வெளிவந்தது. கோயிலும் பள்ளிவாசலும் வேறு வேறாயினும், காய்ச்சலுக்குக் கூறிய பத்தியம் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. பரியாரியார் என்றும் பரிசாரியார் என்றும் அழைக்கப்பட்ட வைத்தியர்கள் இரு சமூகத்திலும் இருந்தனர்.

உடற்குறி நோயை மாத்திரமா உரைக்கிறது? உள்ளத்தில் மறைத்து வைத்ததையும் உரைத்துவிடுகிறது. உரோம நகரிலே 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் இதற்கு ஒரு நிகழ்ச்சியைத் தம் நூலிலே குறித்துவைத்தார். உறக்கமின்றித் தவித்த ஒரு பெண்ணுக்கு உடல்நோய் எதனையும் அவர் காணவில்லை. அவள் வாய் திறந்து எதுவும் கூறவுமில்லை. ஒருநாள் அவள் அருகில் கேலன் இருந்தபோது, பைலடீஸ் என்னும் கூத்தனின் ஆடலைக் கண்டுவந்ததாக ஒருவர் கூறினார். அக்கணமே அவள் முகம் மாறிற்று. அவள் கையைப் பற்றிய கேலன் நாடி தாறுமாறாகத் துடிப்பதைக் கண்டார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வேறு கூத்தர்களின் பெயரைச் சொல்லச் செய்தார், நாடி அசையவில்லை. மீண்டும் பைலடீசின் பெயர் வந்ததும் துடித்தது. நா மறைத்ததை மணிக்கட்டு கூறிவிட்டது.

தமிழர் இதனைக் கேட்டு வியந்திருக்கமாட்டார்கள். தொல்காப்பியம் உணர்ச்சிகளைப்பற்றிப் பேசும் இயலுக்கு மெய்ப்பாட்டியல் என்று பெயர். நகையும் அழுகையும் அச்சமும் வெகுளியும் மெய்யிலே படுவனவாக, அஃதாவது உடலிலே தோன்றுவனவாக, அங்கே வகுக்கப்பட்டன. மெய் என்னும் ஒரே சொல் உடலையும் உண்மையையும் குறிப்பது தமிழுக்குள்ள தனிச்சிறப்பு. அவ்வாறே உணர்தல் என்னுஞ் சொல் உடலால் அறிவதற்கும் அறிவால் தெளிவதற்கும் பொதுவாக நின்றது. மட்டக்களப்புத் தாயொருத்தி 'வயிறு பற்றி எரிகிறது' என்னும்போது அவள் அணிநயத்துக்காக அப்படிச் சொல்வதில்லை. எரிவு வயிற்றிலேதான் இருக்கிறது.

மேனாட்டு உளநூலார் இவ்விடத்துக்கு வந்துசேர நெடுங்காலம் சென்றது. அமெரிக்காவின் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் எழுதிய கட்டுரையொன்றில், அஞ்சுவதனால் உடல் நடுங்குகிறது என்பதைவிட, உடல் நடுங்குவதை உணர்வதே அச்சம் என்று வாதிட்டார். ஆங்கில உடலியல் அறிஞர் செரிங்டன் 1906இல், உடலின் உள்ளிருந்து வரும் செய்திகளை வெளிப்புலன்களின் செய்திகளிலிருந்து பிரித்துத் தனிப்பெயரிட்டு வகுத்தார். ஜெர்மன் நாட்டு ஷாண்ட்ரி என்பவர் 1981இல் ஓர் எளிய சோதனையைச் செய்தார். கையைத் தொடாமல், தன் இதயத்துடிப்பைத் தானே உள்ளுணர்ந்து எண்ணச் சொல்லி, அந்த எண்ணிக்கையை இயந்திரத்தின் அளவோடு ஒப்பிட்டார். சரியாக எண்ணியவர் சிலர். பெரிதும் தவறியவர் பலர். பிற்காலத்து ஆய்வாளர் இச்சோதனையிலும் ஒரு குறை கண்டனர். இதயம் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய எத்தனை முறை துடிக்கும் என்று முன்பே அறிந்தவர், உணராமலே கணக்கிட்டு விடை கூறிவிடுகின்றனராம். உணர்வதாக எண்ணிக்கொள்வதும் உணர்வதும் ஒன்றல்ல என்பது இதனால் பெறப்பட்ட பயன். நாடி பார்க்கத் தெரிந்தவரின் விரல் அருமையாக மதிக்கப்பட்டதற்கும் அதுவே காரணம் எனலாம்.

கேட்பதற்கு ஒரு கருவி தேவைப்படுவதும் உண்டு. பரிஸ் நகரத்து மருத்துவர் இலெனெக் 1816இல் ஓர் இளம்பெண்ணின் மார்பிலே காதை வைத்துக் கேட்கக் கூசினார். மரக்கட்டையின் ஒரு முனையை ஊசியாற் கீறினால் மறுமுனையிலே காதை வைத்தவனுக்கு ஓசை தெளிவாகக் கேட்கும் என்பது அவர் நினைவுக்கு வந்தது. கடதாசியைச் சுருட்டிக் குழலாக்கி வைத்துக் கேட்டார். பின்னர் மரத்தாலே குழல் செய்துகொண்டார். இன்று மருத்துவர் கழுத்திலே தொங்கும் கருவியின் பிறப்பு இதுவே. மட்டக்களப்பு மீனவர் மருத்துவத்துக்கு அன்றி வேறொரு பயனுக்கு இதே உண்மையைக் கைக்கொண்டிருந்தனர். நிலவுக்காலத்திலே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவியிலே அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு வைத்தால் நீருக்கடியிலே எழும் இன்னோசை தெளிவாகும். இலங்கை அரசாங்கக் காரியதரிசியாயிருந்த எமர்சன் ரெனன்ற் 1848இல் மட்டக்களப்பிலே தோணியேறி அவ்வோசையைக் கேட்டார். ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லொலிக்கு அதை ஒப்பிட்டு, 1859இல் வெளியான தம் நூலிலே எழுதினார். தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஓசை பெருகிற்று என்பதையும் அவர் குறித்தார். ஊர் மீனவர் அதை ஊரிச் சிப்பியின் அழுகை என்று அவரிடம் கூறினராம். பிற்காலத்திலே அதற்குப் பாடும் மீன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பாட்டென்று வெளியார் கொண்டாடிய ஒன்றை அங்கேயே வாழ்ந்தவர் அழுகையென்று கேட்டது கருதத்தக்கது.

ரெனன்ற் மட்டக்களப்புக்கு வந்த காலத்திலேயே வட இலங்கையில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தம் பணியைத் தொடங்கியிருந்தார். 1847இல் இலங்கைக்கு வந்த அவர், பின்னர் மானிப்பாயிலே தங்கி மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, 60க்கு மேற்பட்டோரை மருத்துவராக்கினார். உடற்கூறும் இரண வைத்தியமும் 4,000 பக்கங்களுக்கு மேல் தமிழாக வெளிவர அவர் வழிசெய்தார். உடலுறுப்புகளின் பெயர்கள் தமிழிலே இருந்தாலன்றி நோயாளி தன் வருத்தத்தை மருத்துவனுக்கு விளக்க இயலாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். தலைநகரிலிருந்து ஆங்கிலங் கற்றுவந்த மருத்துவர்கள் பலருக்கு இந்த உணர்வு இருந்ததில்லை. இலங்கையிலே 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தால் சித்த மருத்துவமும் சட்ட ஏற்புப் பெற்றது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் அது கற்பிக்கப்படுகிறது.

உடற்சூடு ஊர்ச்சூடாகவும் கருதப்பட்டது. காரைதீவு, செட்டிபாளையம், தம்பிலுவில் முதலிய ஊர்களிலே கண்ணகி அம்மன் கோயில்கள் உண்டு. வைகாசித் திங்களிலே கதவு திறந்து, நாட்கணக்காகக் கண்ணகி வழக்குரை படித்து, முடிவிலே குளிர்த்தி நடத்துவர். மதுரையை எரித்த சினத்தோடு வந்த தெய்வத்தைக் குளிரச் செய்வதே அந்தச் சடங்கின் நோக்கம். மழை பொய்த்த காலமும், அம்மாள் வருத்தம் என்று மக்கள் அஞ்சிச் சொன்ன வைசூரி பரவிய காலமும் தெய்வத்தின் சூடு மிகுந்த காலங்கள். நோயாளியைத் தனியறையிற் கிடத்தி, வேப்பிலை பரப்பி, குளிர்ந்த உணவு கொடுத்து, வீட்டிலே தாளிப்பும் பொரிப்பும் விலக்குவர். இதிலே தனிமைப்படுத்தலும் ஓய்வும் இருந்தன. அவ்வளவில் நன்மையும் இருந்தது. எனினும் வைசூரியை உலகினின்று ஒழித்தது அம்மை குத்துதலே. இலங்கையில் அது 1802இல் தொடங்கிற்று. உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்ததென அறிவித்தது 1980இல். உடல் கூறுவதைக் கேட்டால் எல்லாம் சரியாகும் என்று எண்ணுவோர் இதை மறக்கலாகாது. இக்காலத்தில் மிகுந்துள்ள உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் தொடக்கத்திலே பெரும்பாலும் எந்தக் குறியும் காட்டுவதில்லை. அவற்றுக்கு அளவுப்பட்டியும் இரத்தச் சோதனையுமே வேண்டும்.

ஆனால் இந்த நிலத்திலே, வாய் கூற அஞ்சியதை உடல் கூறிய ஒரு காலமும் வந்தது. 1983க்குப் பின் மூண்ட போர் மட்டக்களப்பின் இரு கரைகளையும் எரித்தது. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 5ஆம் நாள், வந்தாறுமூலையிலே பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களுள் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. பிடித்துச் செல்லப்பட்டவரைப்பற்றி வெளிப்படையாகப் பேசுவதே ஆபத்தாயிருந்தது. அழுகையும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதாயிற்று.

அக்காலத்திலே மருந்தகங்களுக்கு வந்த பெண்கள் கூறியவை நெஞ்செரிவு, தலைக்குத்து, பெருமூச்சு, கைகால் உளைவு, உறக்கமின்மை என்பன. சோதித்தால் நோய் எதுவும் அகப்படாது. போரால் விளைந்த உளக்காயங்களைப்பற்றி 1998இல் நூலெழுதிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தமிழ் மக்கள் துயரை உடல் வருத்தமாகவே வெளியிடுவதைப் பலவிடத்தும் சுட்டினார். மூச்சை நெறிப்படுத்தல், சாந்தி ஆசனம் முதலிய பழைய பயிற்சிகளை அவர் மருத்துவத்தோடு சேர்த்துக்கொண்டார். ஒரு கைக்குளிசை கொடுத்து அனுப்பிவிடும் மருத்துவனுக்கு அந்தப் பெருமூச்சு ஒரு தொல்லை. கேட்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு முறைப்பாடு.

வேறோரிடத்திலும் அந்த முறைப்பாடு கேட்கப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர் பற்றீசியா லோரன்ஸ் 1990களிலே மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்வோரிடையே தங்கி ஆய்வு செய்து, அதனை 1997இல் ஆய்வேடாகவும் பின்னர் கட்டுரைகளாகவும் வெளியிட்டார். போர் கடுமையாகக் கடுமையாக வாக்குக் கேட்போர் தொகை பெருகியதையும், தீமிதிக்க நேர்ந்துகொண்டோர் பெருகியதையும் அவர் கண்டார். மகனைத் தேடும் தாய் எதிரே வந்து நிற்பாள், எதையும் கூறமாட்டாள். தெய்வமாடுபவர் உடலிலே காணாமற்போனவனின் வருத்தம் இறங்கும். அடிபட்ட நோவு, தாகம், கட்டுண்ட கைகளின் வலி என்பன அவருடைய உடலிலே தெரியும். அவன் உயிரோடிருக்கிறானா, இல்லையா என்ற வாக்கு அதன் பின்னர் வரும். ஊரெல்லாம் கூடியிருக்க, எவரும் உரத்துச் சொல்லத் துணியாத சித்திரவதை அங்கே சொல்லப்பட்டது. சொன்னது தெய்வமாதலால் எவரையும் பிடித்துச் செல்ல இயலவில்லை. வாக்கு மெய்யாயிற்றா பொய்யாயிற்றா என்று கணக்கெடுப்பது லோரன்சின் நோக்கமன்று. அந்தத் தாய் தன் உடலுக்குள்ளே தனியே சுமந்த வலியை இன்னோர் உடல் ஏற்றுக்கொண்டதை, அவளுடைய அயலவர் நின்று கண்டனர். வாக்குக் கேட்டு அமைதி பெற்றோர் பலர். 'இல்லை' என்ற வாக்கை ஏற்க மறுத்து வேறு கோயிலைத் தேடிச் சென்றோரும் இருந்திருப்பர். தாய்மனத்துக்கு அது இயல்பே.

போருக்குள்ளேயே, 1996இல், மட்டக்களப்பு நகரிலே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. அருட்டந்தை போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த போல் ஹோகனும் அதனை அமைத்தனர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் கூடிக் களிமண் பிசைந்தனர், படம் வரைந்தனர், கதை கூறினர். தனக்கு நடந்ததைச் சொல் என்று எந்தப் பிள்ளையும் வற்புறுத்தப்படவில்லை. கை தானாகக் கூறும்வரை பெரியவர்கள் பொறுத்திருந்தனர்.

போர் 2009இல் முடிந்தது. காணாமற்போனோருக்கான அலுவலகம் 2018இல் பணி தொடங்கிற்று. கோப்பும் முறைப்பாட்டு இலக்கமும் வந்தன. படிவங்களிலே பெயரும் வயதும் கடைசியாகக் கண்ட நாளும் எழுதப்பட்டன. வைகாசி வந்ததும் கண்ணகி கோயில்களின் கதவு திறந்து, வழக்குரை படித்து, குளிர்த்தி நடக்கிறது. வேப்பிலையால் தெளிக்கும் நீருக்காகப் பெண்கள் தலையைத் தாழ்த்தி நிற்கின்றனர். அவர்களுட் சிலர் மகன் காணாமற்போன ஆண்டை இன்னும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பவர்கள்.